விண்மீன் மறைப்பும் நம் சமவெளியும்

இரவில் களத்துமேட்டில் நின்று, வயலுக்கு அப்பாலுள்ள குடிசையின் விளக்கை நோக்கிக்கொண்டிருக்கின்றோம் என்று வைத்துக்கொள்வோம். அவ்விளக்கு ஒரு கணம் மறைந்து மீண்டும் தோன்றுகின்றது. அது காற்றில் அணைந்ததன்று. அணைந்த விளக்குத் தானே எரியாது. ஆகவே, நமக்கும் விளக்கிற்கும் இடையே வரப்பின்மீது யாரோ நடந்து சென்றனர் என்று துணிகின்றோம். சென்றவர் உருவம் நம் கண்ணுக்குப் புலனாகவில்லை. ஆயினும், விளக்கு மறைந்திருந்த காலத்தைக்கொண்டு அவர் தனியே சென்றாரா, மாட்டை ஓட்டிக்கொண்டு சென்றாரா என்பதையும் ஒருவாறு சொல்லிவிடலாம். வானநூலார் ‘விண்மீன் மறைப்பு’ என்று பெரிதாகக் கூறுவது இவ்வளவே.

நாண்மீன் வேறு, கோண்மீன் வேறு என்று நம் பழந்தமிழ்ப் புலவர் பிரித்து வழங்கினர். அக்கோண்மீன்களுள் கடைசியான நெப்டியூனுக்கும் அப்பால், ஞாயிற்றின் ஒளி மிகக் குன்றிய எல்லையில், பனிக்கட்டியும் பாறையுமாய் உறைந்த சிற்றுலகங்கள் எண்ணிறந்தன சுற்றி வருகின்றன. மாபெருந் தொலைநோக்கிக்கும் அவற்றுட் பல வெறும் புள்ளியாகவே தோன்றும். அவற்றின் பருமன் யாது, வடிவம் யாது, வளையம் உண்டா, காற்று உண்டா என்று அறிய ஒரு வழியுண்டு. அச்சிற்றுலகம் ஏதேனும் ஒரு விண்மீனுக்கு முன்னே வரும் வேளையை முன்கூட்டிக் கணித்து, அவ்விண்மீன் மறையும் கணத்தையும் மீளும் கணத்தையும் குறித்துக்கொள்வதே அவ்வழி. விண்மீன் அளவிறந்த தொலைவில் இருத்தலால் அதன் கதிர்கள் ஏறக்குறைய இணைகோடுகளாகவே வருகின்றன. ஆதலின், அச்சிற்றுலகின் நிழல் சுருங்காமலும் விரியாமலும் அதன் சொந்த அகலத்தோடு நம் நிலத்தின்மீது விழுகின்றது. முப்பத்தாறு கிலோமீட்டர் நீளமுள்ள பொருளாயின், அகன்றால் முப்பத்தாறு கிலோமீட்டர் அகலமுள்ள நிழல். வினாடிக்கு ஏறத்தாழ 25 கிலோமீட்டர் வேகத்தில், ஓசையின்றி, நம் வீடுகளின்மீதும் வயல்களின்மீதும் ஓடிவிடும். கண்ணிமைத்தவன் அதனை இழந்தான்.

இக்கலையில் நம் தமிழ்நிலத்துக்கு ஒரு பெயருண்டு. சேலத்துக்கு வடகிழக்கே, ஜவ்வாது மலையில், ஆலங்காயத்தை அடுத்துள்ள காவலூர் என்னும் சிற்றூரில் வானாராய்ச்சி நிலையம் ஒன்று உள்ளது. 1960-களின் பிற்பகுதியில் வேணு பாப்பு அவர்கள் இடந்தேர்ந்து தொடங்கியது அது. இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. 1972-இல் அங்கே ஒரு மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி நிறுவப்பட்டது. 1977 மார்ச் 10-ஆம் நாள் இரவு யுரேனஸ் என்னும் கோள் மங்கலான ஒரு விண்மீனை அடுத்துச் செல்லவிருந்தது. யுரேனஸ் ஞாயிற்றிலிருந்து ஏறத்தாழ 287 கோடி கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. நீரும் அம்மோனியாவும் மீத்தேனும் செறிந்தமையால் ‘பனிப்பெருங்கோள்’ என்றே அதனை அழைக்கின்றனர். காவலூரில் ஜகதீச சந்திர பட்டாச்சாரியாரும் குப்புசாமியும் அத்தொலைநோக்கியில் ஒளிமானியைப் பொருத்தி விண்மீனைக் காத்திருந்தனர். ஒளிமானியின் பதிவில் எவரும் எதிர்பாராத ஒரு மங்கல் விழுந்தது. கோளன்று வேறேதோ ஒன்று விண்மீனை மறைத்தது!

அதே இரவில் தென்னிந்தியப் பெருங்கடலின்மேல் பறந்துகொண்டிருந்த அமெரிக்க விமான ஆய்வுக்கூடத்தில் எலியட், டன்ஹம், மிங்க் என்னும் மூவரும், ஆஸ்திரேலியாவிலுள்ள பெர்த் நகரில் மில்லிஸ் குழுவினரும் இத்தகைய மங்கல்களைக் கண்டனர். விமானத்தில் இருந்தோர் வேளைக்கு முன்னரே பதிவைத் தொடங்கியிருந்தமையால், கோளின் இரு மருங்கிலும் மங்கல்கள் இணையிணையாக அமைந்திருப்பதைக் கண்டு, ‘இவை வளையங்கள்’ என்று துணிந்தனர். சனிக்கன்றி வேறு கோளுக்கும் வளையமுண்டு என்று உலகம் அறிந்தது அன்றுதான். மூன்று குழுவினரின் அறிக்கைகளும் ‘நேச்சர்’ என்னும் இதழில் அடுத்தடுத்த பக்கங்களில் வெளிவந்தன. காவலூரார் தம் அறிக்கைக்கு இட்ட தலைப்போ ‘யுரேனஸின் புதிய துணைக்கோள்’ என்பது.

ஆம், துணைக்கோள் என்றே எழுதினர். தாம் கண்ட மங்கலுக்கு அவர்கள் முதலிற் கொண்ட பொருள் பிழையாயிற்று. பின்னர்த் தம் பதிவை மீண்டும் நுணுகி ஆராய்ந்து, அவ்வாண்டிலேயே பட்டாச்சாரியாரும் வேணு பாப்புவும் சனியினதை ஒத்த வளையத் தொகுதி யுரேனஸுக்கு உண்டென்று அதே இதழில் எழுதினர். 1986 ஜனவரியில் வாயேஜர் விண்கலம் அவ்வளையங்களை அருகிருந்து படமெடுத்தது.

இவ்வரலாற்றை நம்மவர் மேடைகளிற் கூறும்போது, ‘யுரேனஸ் வளையங்களைக் கண்டுபிடித்தது காவலூர்’ என்று ஒரே வீச்சில் முடித்துவிடுகின்றனர். யான் அதனை விரும்புவதில்லை. உண்மை அதனினும் அழகியதன்றோ? ஒரே நிழலை மூன்று இடங்களிலிருந்து மூவர் கண்டனர்; ஒருவர் பொருளைச் சரியாகப் பிடித்தார்; மற்றவர் பதிவு அதற்குச் சான்றாயிற்று. காவலூரார் தம் ஏட்டில் வளையம் என்று எழுதாவிடினும், ஒளி மங்கிய கணத்தை வழுவின்றி எழுதியிருந்தனர். கருத்துப் பிழைப்பினும் கணக்குப் பிழைக்கவில்லை. இதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்னர், 1972 ஜூன் 7-இல், வியாழனின் துணைக்கோளும் பனிக்கட்டியுலகமுமான கானிமீட் ஒரு விண்மீனை மறைத்ததையும் காவலூரிலும் சாவகத்தீவின் லெம்பாங்கிலும் இருந்து நோக்கி, கானிமீடைச் சூழ்ந்து மெல்லிய காற்று உண்டென்று கருதினர். 1979-இல் வாயேஜர் அளந்தபோது அவ்வளவு காற்று அங்கு இல்லையென்று தெரிந்தது. அதனால் அவ்விரவின் உழைப்பு வீணாயிற்று என்று ஒருவரும் சொல்லவில்லை.

அண்மைக் காலத்துச் செய்தி ஒன்றும் கூறுவேன். 2020 ஜூன் 6-இல் புளூட்டோ ஒரு விண்மீனை மறைத்ததை நைனித்தாலை அடுத்த தேவஸ்தலத்திலுள்ள 3.6 மீட்டர் தொலைநோக்கி பதிவு செய்தது. விண்மீன் சட்டென்று அணையாமல் மெல்லமெல்ல மங்கியமையால், இடையே காற்று உண்டென்பது விளங்கும். அம்மங்கலின் வளைவைக்கொண்டு புளூட்டோவின் தரையிற் காற்றழுத்தம் ஏறத்தாழ 12 மைக்ரோபார் என்று அளந்தனர். நம் வளிமண்டலத்தின் அழுத்தத்தில் இது எண்பதாயிரத்தில் ஒரு பங்கு. ஐந்நூறு கோடி கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள மூச்சை ஒரு மலையுச்சியிலிருந்து அளப்பதென்றால், வியவாதிருப்பது எங்ஙனம்?

‘சரி, காவலூருக்கு மலையும் தேவஸ்தலத்துக்கு மாபெருந் தொலைநோக்கியும் உண்டு. நம் சேலம் நாமக்கல் சமவெளியில் என்ன உண்டு?’ என்று நேயர்கள் வினவலாம். இவ்வினாவிற்கு விடை கூறவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன். நம்மிடம் சாலை உண்டு.

அருள்கூர்ந்து நகையாதீர்கள். யுரேனஸ் போன்ற பெருங்கோளின் நிழல் பூமியினும் அகன்றது. ஓரிடத்தில் நின்றாலும் அகப்படும். சிற்றுலகங்களின் நிழலோ ஒரு வட்டத்தின் அகலமே உடையது. அதனை ஓரிடத்திலிருந்து கண்டால் ஒரு கோடு கிடைக்கும். அக்கோட்டைக்கொண்டு வடிவத்தை அறிய இயலாது. பல இடங்களில் பலர் வரிசையாக நின்று கண்டால்தான், ஒருவருக்கு இரண்டு வினாடி, அடுத்தவருக்கு ஒன்றரை, அதற்கடுத்தவருக்கு அரை வினாடி என்று பல கோடுகள் கிடைத்து, அவற்றை அடுக்கி உருவத்தை வரையலாம். பொருள் வட்டமாயின் இரண்டு கோடுகள் போதும்; நீள்வட்டமாயின் மூன்றேனும் வேண்டும் என்பது கணித மாணவர் அறிந்ததே. இங்கே பெருந்தொலைநோக்கி ஒன்றைவிடச் சிறுதொலைநோக்கிகள் பலவே பயன்படும். நிழல்களோ பெரும்பாலும் கீழ்மேலாக ஓடுகின்றன. ஆகவே நோக்குவோர் தென்வடலாக நிற்றல் வேண்டும். படத்தை விரித்துப் பாருங்கள்: சேலமும் நாமக்கல்லும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில், ஐம்பது கிலோமீட்டர் இடைவெளியில், ஒன்றன்கீழ் ஒன்றாக உள்ளன. வடக்கே ஓமலூரையும் தெற்கே காவிரிக்கரையிலுள்ள மோகனூரையும் சேர்த்தால் எழுபத்தைந்து கிலோமீட்டர் ஆகும். வானநூலார் வேண்டும் வரிசையை நம் முன்னோர் வண்டிப்பாதையாக முன்பே வகுத்துவைத்துவிட்டனர்!

இத்தகைய வரிசை வெறுங் கற்பனையன்று. 2017-ஆம் ஆண்டு, இப்பொழுது அரோக்கோத் என்று பெயர்பெற்றுள்ளதும், 650 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளதுமான ஒரு சிற்றுலகின் நிழல் தென் அமெரிக்காவின் அர்ஜென்டினாவில் விழும் என்று கணித்தனர். அதற்கு முன் ஜூன் 3-இல் தென்னாப்பிரிக்காவிலும் அர்ஜென்டினாவிலும் காத்திருந்தோர் ஒன்றும் காணாமல் திரும்பியிருந்தனர். ஆயினும் மனந்தளராது, ஜூலை 17-இல் கொமொதோரோ ரிவதாவியா என்னும் எண்ணெய்த்தொழில் ஊரை அடுத்து 24 தொலைநோக்கிகளை வரிசையாக நிறுவினர். அவை மலைமீது கட்டடம் எழுப்பி வைத்தவையல்ல; வண்டியில் ஏற்றிச் சென்று வெட்டவெளியில் இறக்கி வைக்கத்தக்க சிறு கருவிகள். அவ்வூரார் செய்ததைக் கேளுங்கள். வண்டிகளின் முன்விளக்கு கண்ணைக் கூசச் செய்யாதவாறு ஒரு நெடுஞ்சாலையை இரண்டு மணி நேரம் அடைத்தனர்; தெருவிளக்குகளை அணைத்தனர்; பாட்டகோனியாவின் கடுங்காற்றுத் தொலைநோக்கிகளை அசைக்காவண்ணம் லாரிகளை அரணாக நிறுத்தினர். இருபத்துநான்கில் ஐந்தே கருவிகள் நிழலைக் கண்டன. அவ்வைந்து கோடுகளைக்கொண்டே, அது உருண்டையன்று, இரண்டு கட்டிகள் ஒட்டியது போன்றது என்று அறிஞர் கூறினர். 2019 ஜனவரி முதல் நாள் நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் அதனருகே சென்று படமெடுத்தபோது, அவ்வாறே இரண்டு கட்டிகள் ஒட்டிய உருவமாய் நின்றது.

லாரிகளை அரணாக நிறுத்தினர் என்று படித்தபோது யான் புத்தகத்தை மூடிவைத்துச் சிறிது நேரம் சிரித்தேன். லாரிக்கு நாமக்கல்லைவிட உரிமையுள்ள ஊர் எது? நம் பழைய மாணவருள் லாரித்தொழில் நடத்துவோர் எத்துணையர் என்பதை இவ்விதழைப் பெறும் அலுவலகம் நன்கறியும்.

இனி, இதற்கு மறுப்பாக என் நண்பர்கள் விடுதியிற் கூறியவற்றுட் சிலவற்றைப் பார்ப்போம். முகில் மூடும் என்றனர். மூடும், ஐப்பசி கார்த்திகையில் நிச்சயமாக மூடும். ஆயினும் தை முதல் பங்குனி வரை நம் சமவெளியின் வானம் பெரும்பாலும் தெளிந்தே இருக்கின்றது. பொருட்செலவு என்றனர். தொலைதூரப் பனியுலகங்கள் மறைக்கும் விண்மீன்கள் பெரும்பாலும் மங்கலானவை. அர்ஜென்டினாவில் வைத்தவைபோல் நாற்பது சென்டிமீட்டர் விட்டமுள்ள கருவிகள் அவற்றுக்கு வேண்டும் என்பது மெய்யே. அதனை மறைத்துப் பேச யான் விரும்பவில்லை. ஆனால், செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலுள்ள சிறுகோள்கள் ஒளிமிக்க விண்மீன்களை மறைப்பதும் உண்டு. அவற்றைச் சிறு கருவியாலும் காணலாம். முதலில் அவற்றிற் கைபழகிப் பின்னர் அப்பாற் செல்லலாம். முற்காலத்தில் நிழல் எங்கே விழுமென்று சரியாகக் கணிக்க இயலாமையே பெருந்தடையாக இருந்தது. 2013-இல் ஏவப்பட்டு 2025-இல் பணி முடித்த கையா என்னும் விண்கலம் நூறு கோடிக்கு மேற்பட்ட விண்மீன்களின் இடத்தை மிக நுட்பமாக அளந்து தந்துவிட்டமையால், அத்தடையும் பெரிதும் நீங்கிற்று.

‘தமிழ் படிப்பவனுக்கு இதில் என்ன வேலை?’ என்றும் ஒருவர் கேட்டார். வேலை உண்டு. ஏழு ஊர்களில் எழுவர் ஒரே முறையிற் குறிப்பெடுக்க வேண்டுமாயின், குறிப்பெடுக்கும் முறையை ஐயமறத் தமிழில் எழுதித் தருபவன் வேண்டாமா? மோகனூரில் விளக்கணைக்குமாறு கேட்கப்படும் கடைக்காரருக்கு ஏன் அணைக்க வேண்டும் என்று எந்த மொழியிற் கூறுவது? இயற்பியற் பேராசிரியர்கள் என்னை மன்னிப்பார்களாக: அவர்களுடைய பாடநூல்களின் தமிழைப் படித்தால் கடைக்காரர் இன்னும் இரண்டு விளக்குகளை ஏற்றிவைப்பார்.

விளக்கைப் பற்றிப் பேசுகையில் ஒன்று சொல்லாதிருக்க இயலவில்லை. கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் விண்மீனைக் கண்டு புறப்பட்டனர் என்று சிறுபருவம் முதல் கேட்டு வளர்ந்தோம். அவ்விண்மீனின் நினைவாக மார்கழியில் நம் வீடுதோறும் காகித விண்மீன்களைக் கட்டி உள்ளே விளக்கெரிக்கின்றோம். யானும் கட்டியவனே. இன்று அவர்கள் நம் தெரு வழியே வந்தால் எந்த விண்மீனைக் கண்டு புறப்படுவார்கள் என்று எண்ணியதுண்டு. நாமக்கல் கோட்டையடியில் ஆஞ்சநேயர் கூரையின்றி நிற்பதைக் காணும்போதெல்லாம், இந்நகரில் வானத்தோடு உறவை விடாதவர் அவர் ஒருவரே போலும் என்று தோன்றும்.

இப்பொழுது என் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சென்ற தைத்திங்களில், ஒரு சிறுகோள் விண்மீன் ஒன்றை மறைக்கும் என்றும், அதன் நிழற்பாதை நம் மாவட்டத்தின் ஓரத்திற் செல்லும் என்றும் கணிப்புப் பட்டியலிற் கண்டு, யானும் இயற்பியல் பயிலும் நண்பர் ஒருவரும் இரவல் வாங்கிய சிறு தொலைநோக்கியோடு விடுதி மாடிக்கு ஏறினோம். அருகிலிருந்த வாணிக மாளிகையின் விளம்பர விளக்கு எங்கள் நிழலைச் சுவரில் வீழ்த்தியது. வானத்து நிழலைத் தேடிச் சென்றவர்களுக்கு அதுவே முதற்காட்சி. ஒருவாறு போர்வையைத் தலைமேற் போர்த்துக்கொண்டு விண்மீனைக் கண்டுபிடித்தோம். குறித்த வேளை வந்தது. விண்மீன் மறையவில்லை. மேலும் ஐந்து நிமிடம் நோக்கினோம், மறையவேயில்லை. ‘வீண் வேலை’ என்று சொல்லிக் கருவியைத் துணியிற் சுற்றிக்கொண்டு கீழிறங்கிப் படுத்துவிட்டோம். ஏட்டில் ஓரெழுத்தும் எழுதவில்லை.

இது பிழையென்று பல நாள் கழித்தே அறிந்தேன். விண்மீன் மறையாததும் ஒரு செய்தி. இன்ன இடத்தில், இன்ன வேளைமுதல் இன்ன வேளைவரை நோக்கினோம், மறையவில்லை என்று எழுதியிருந்தால், நிழலின் எல்லை எங்களுக்கு இப்பால் வரவில்லை என்று கணிப்போருக்கு உறுதியாகியிருக்கும். அப்பாற் கண்டவர் எவரேனும் இருந்திருப்பின், அவர் கண்டதற்கு எங்கள் வெறுமை ஓர் எல்லைக்கல்லாக நின்றிருக்கும். அர்ஜென்டினாவில் நிழலைக் காணாத பத்தொன்பது கருவிகளும் அவ்வகையிற் பயன்பட்டனவே. காவலூரார் தாம் கண்டது இன்னதென்று அறியாமலே வழுவின்றி எழுதிவைத்தனர். நாங்களோ, ஒன்றும் காணவில்லை என்பதற்காக எழுதாமல் விட்டோம். எங்கள் சோம்பலுக்கு விளம்பர விளக்கைக் காரணங்காட்ட முடியாது.

ஆகவே என் கருத்து இது. நம் கல்லூரியில் ஆண்டுதோறும் பழைய மாணவர் தரும் நன்கொடை இவ்வாண்டு எதற்குச் செல்ல வேண்டும் என்ற பேச்சு நடக்கின்றது. நுழைவாயில் வளைவுக்கு மின்விளக்கு அலங்காரம் என்பது ஒரு தரப்பு. யான் வளைவுக்குப் பகைவன் அல்லேன்; பகலில் அதன் கீழ் நிழல் நன்றாக இருக்கின்றது. ஆனால் அத்தொகையில், கையாற் சுமக்கத்தக்க தொலைநோக்கி இரண்டும், ஒளிப்பதிவுக் கருவிகளும், விண்கோள்வழி நேரங்காட்டும் சாதனங்களும் வாங்கலாம் என்று இயற்பியல் துறையினர் கூறுகின்றனர். நேரங்காட்டி இன்றியமையாதது, ஒரு வினாடியின் பத்திலொரு பங்கு பிழைத்தாலும் நிழலின் விளிம்பு இரண்டரைக் கிலோமீட்டர் பிழைத்துவிடும். மற்றைக் கருவிகளை அண்டைக் கல்லூரிகளிடமிருந்தும் பள்ளிகளிடமிருந்தும் இரவல் கேட்கலாம்.

நிலையங்களும் குறித்துவிட்டோம்: ஓமலூர், சேலம், மல்லூர், இராசிபுரம், புதுச்சத்திரம், நாமக்கல், மோகனூர். ஒவ்வோர் ஊருக்கும் இருவர். ஒருவர் கருவிக்கு, ஒருவர் ஏட்டுக்கு. ஏட்டில் நிரப்ப வேண்டிய குறிப்புத்தாளைத் தமிழில் எழுதி முடித்து, இயற்பியல் துறையின் பார்வைக்குக் கொடுத்துள்ளேன். ‘மறையவில்லை’ என்பதற்கு அதில் தனிக் கட்டம் உண்டு. அடுத்த தைத்திங்களுக்குள் ஒத்திகை ஒன்று நடத்த எண்ணம். மல்லூருக்கு நண்பரும் யானும் பெயர் கொடுத்துவிட்டோம். ஓமலூருக்கும் மோகனூருக்கும் இன்னும் ஆள் கிடைக்கவில்லை. காவிரிக்கரையில் காற்று மிகுதி; மோகனூருக்கு ஒரு லாரியும் வேண்டும்.